ஷட்டரை இறக்குவதற்கு மட்டும்தான் சங்கமா?

நம் வணிகர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இந்நேரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குன்னூரில் எந்தச் செய்தியும் மார்க்கெட்டைத் தாண்ட அரை மணி நேரம் போதும். நான் கேட்டது ஒன்றுதான். அடுத்த கடையடைப்புக்குத் தேதி குறிப்பதற்கு முன், வங்கிக் கடன், அரசுத் திட்டங்கள், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இவற்றுக்கு வழிகாட்ட, விவரம் தெரிந்த ஒருவரை வாரம் ஒருநாள் சங்க அலுவலகத்தில் உட்கார வையுங்கள் என்றேன். "அம்மா, சங்கம் என்ன மனு எழுதிக் கொடுக்கும் இடமா?" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. என் பேக்கரியில் கடனுக்கு வர்க்கி, அதான் நம்மூர் மொறுமொறு பிஸ்கட், வாங்கிப் போகிறவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆமாம் ஐயா, மனு எழுதிக் கொடுக்கும் இடம்தான். பொன்னாடை போர்த்துவதற்கு மண்டபங்கள் இருக்கின்றன.

கடையடைப்பைப் பற்றிக் கேட்டால் உடனே "இ-பாஸை ஆதரிக்கிறாயா?" என்று கிளம்புவார்கள். வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் வர முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதிதான் அந்த இ-பாஸ். இல்லை. 2024 மே 7 அன்று இ-பாஸ் வந்தபோது என் கல்லாவும்தான் காய்ந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வரம்பு வந்தது. ஏப்ரல் 2 அன்று எல்லோரும் கடையடைத்தபோது நானும் அடைத்தேன். அன்றைக்கும் பதினோரு பேருக்குக் கூலி கொடுத்தேன். முந்தைய நாள் பிசைந்து வைத்த மாவு வீணானது தனிக் கணக்கு. எதிர்ப்பைக் காட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. மறுநாள் காலையில் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி. சீசன் படுத்தால் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒருவராவது வாய் திறந்தார்களா?

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். சிறு தொழில்களுக்கு அரசே உத்தரவாதம் தரும் அவசரகாலக் கடன் மே மாதம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும். தனியாக அடமானம் வேண்டாம். மாவு பிசையும் இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இருந்ததால் எனக்குக் கிடைத்தது. அதையும் சங்கம் சொல்லவில்லை, வங்கியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான் சொன்னான். பக்கத்துக் கடைக்காரர் வாழ்நாளில் வங்கிப் படி ஏறாதவர். பழைய கடன் இல்லாததால் அவருக்கு ஒரு பைசா இல்லை. கடன் வாங்காமல் ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனை! இதை எடுத்துச் சொல்லிச் சென்னைக்கோ டெல்லிக்கோ எழுத ஓர் அமைப்பு வேண்டாமா? நூறு பேர் வரை வேலை பார்க்கும், பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் கீழே வாங்கும் நிறுவனங்களுக்கு, வருங்கால வைப்பு நிதியில் முதலாளி, தொழிலாளி இரு தரப்புப் பங்கையும் அரசே சில மாதம் கட்டியது. நம் விடுதிக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது?

உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. ஆனாலும் கணினி மையத்தில் காசு கொடுத்துத்தான் நம் ஆட்கள் பதிகிறார்கள்.

"சங்கம் என்ன வங்கியா?" என்று கேட்பவர்களுக்கு: பணம் யார் கேட்டார்கள்? ஒரு மேசையும் நாற்காலியும்தான் கேட்டேன்.

"நிர்வாகிகளும் சொந்த வேலையை விட்டுவிட்டுத்தானே உழைக்கிறார்கள்?" உழைக்கிறார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அதிகாரிகளுக்குப் போன் போடுவது அவர்கள்தான். சரி, நன்றி. ஆனால் அதே மேடையில் "வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லோரும் வடக்கிலிருந்து வருகிறார்கள்" என்று புலம்பியதும் அவர்கள்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னிடம் ஒரு வர்க்கி மாஸ்டர் இருந்தார். என் கணவர் காலத்திலிருந்து இருந்தவர். மழையிலும் பனியிலும் மாவு எப்போது புளிக்கும் என்று தொட்டே சொல்வார். விறகு அடுப்பின் சூட்டை முகத்தில் படும் அனலை வைத்தே கணிப்பார். ஊரடங்கில் அரைச் சம்பளம் கொடுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. மகள் படிப்புக்காகத் திருப்பூருக்குப் போனார். இப்போது பனியன் கம்பெனியில் பெட்டி கட்டுகிறார். பொங்கலுக்கு வந்தபோது அடுப்பங்கரைக்குள் வரவே இல்லை, வாசலோடு பேசிவிட்டுப் போனார். ஆள் கிடைப்பதில்லையாம்! இருந்த ஆளைத் தக்கவைக்க என்ன செய்தீர்கள்?

சங்க விவகாரம் எனக்குப் புரியாது என்கிறார்கள் மேடையில் இருந்தவர்கள். கணவர் போன பிறகு இந்தப் பேக்கரியையும் வரவு செலவையும் நடத்துகிறவளுக்குப் புரியாதாம். அவர் இருந்தபோது இதே மனிதர்கள் எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் தேர்தலுக்கு ஆதரவு திரட்டினார்கள். அப்போது நான் போட்ட டீ மட்டும் புரிந்தது.

கடைசியாக, கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஒருவர், "சந்தாப் பாக்கியைக் கட்டிவிட்டு அப்புறம் கேள்வி கேட்கட்டும்" என்றாராம். மார்ச் வரைக்கும் கட்டிய ரசீது கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும்போது அவருடைய வர்க்கிக் கணக்கையும் தீர்த்துவிட்டுப் போகட்டும்.