திருப்பி வைக்க மாட்டேன்

காதுகுத்துக்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் போகிற வழியில், விக்கிரவாண்டியில் காபிக்கு நிறுத்தியபோது நடந்தது இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். சிலர் அன்றைக்கே போன் செய்து கேட்டுவிட்டீர்கள், அதனால் முழுக்கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. நான் பையனை பாத்ரூம் அழைத்துக்கொண்டு போய்த் திரும்புவதற்குள், பெரிய மாமனாருக்கு இடம் வேண்டுமென்று, காரில் பின்னோக்கி மாட்டியிருந்த அவனுடைய குழந்தை சீட்டைக் கழற்றி டிக்கியில், சீர்வரிசைத் தட்டுகளுக்கு மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு நான் சத்தம் போட்டேன், அது தப்பாகிவிட்டது.

நான்கு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில், என் பையன் அந்த சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து தூங்குகிற படத்தைப் போட்டு "பாவம் பிள்ளை, மூணு வயசுல ஜெயிலு" என்று எழுதி, அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். பதினேழு பேரையும் எனக்குத் தெரியும், எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். 14 கிலோ. போன மாதம் அளந்தபோது 96 செ.மீ. அந்த சீட் 105 செ.மீ. உயரம் வரை பிள்ளையைப் பின்னோக்கி, அதாவது காரின் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நான் அதைத் தப்பாக மாட்டவில்லை, திருப்பி வைக்க மறக்கவும் இல்லை. ஒரு வயது முடிந்ததும் முன்பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், சோறூட்டுவது, மொட்டை போடுவது போல அதுவும் ஒரு சடங்கு என்கிற மாதிரி. அப்படி எதுவும் கிடையாது. எவ்வளவு நாள் பின்னோக்கி உட்கார முடியுமோ அவ்வளவு நாள் அவனுக்குப் பாதுகாப்பு. திருப்பிவைத்த நாளிலிருந்து அது குறையத்தான் செய்யும்.

காரணம் கால் இல்லை. கழுத்து. கழுத்து, கழுத்து, கழுத்து. இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய கால்வாசி தலைதான். நமக்கு அது ஆறு சதவீதம் போல இருக்கும். மூன்று வயதில் இரண்டுக்கும் நடுவில், ஆனாலும் உடம்புக்குப் பெரிய தலைதான். அந்தத் தலையைத் தாங்குகிற கழுத்து முள்ளெலும்புகள் அந்த வயதில் முழு எலும்பாகக்கூட ஆகியிருக்காது. துண்டு துண்டாக, நடுவில் குருத்தெலும்போடு இருக்கும். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இறுகும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கார் எதிலாவது மோதினால், உடம்பு பெல்ட்டில் நின்றுவிடும், தலை நிற்காது. தலை முன்னால் போகும், அதை இழுத்துப் பிடிக்க இருப்பது அந்தக் கழுத்து ஒன்றுதான். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டுக்குள் அழுந்தும். அடி முதுகு முழுக்கப் பரவிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ரொம்பப் படித்திருக்க வேண்டியதில்லை.

இதை நான் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டதாகக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் பார்த்தது என் அக்கா வீட்டில். அக்கா ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் இருக்கிறாள், 2023-ல் போயிருந்தோம். அங்கே நான்கு வயது வரை பிள்ளைகள் பின்னோக்கித்தான் உட்காருகிறார்கள். அதை யாரும் அங்கே ஒரு விஷயமாகவே பேசுவதில்லை. அந்த ஊர் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்டில் ஆல்ட்மன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போன வீரர்கள் புறப்படும்போது முதுகைக் கொடுத்து விசையைத் தாங்குவதைப் பார்த்துத்தான் குழந்தைக்கும் அப்படி ஒரு சீட் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1964-லேயே வால்வோ காரில் வைத்துச் சோதித்துவிட்டார்கள். அறுபது வருடம் ஆகிறது. நேற்று முளைத்த பேஷன் இல்லை இது. இன்றைக்கும் அங்கே பிளஸ் டெஸ்ட் என்று ஒரு சோதனை இருக்கிறது, அதில் மோதும்போது பிள்ளைக்குப் பதிலாக சீட்டில் வைக்கிற பொம்மையின் கழுத்தில் விழுகிற விசையைத்தான் முக்கியமாக அளக்கிறார்கள். கழுத்தை.

அக்கா தன் பெண்ணை உட்கார வைப்பதைத் தினமும் பார்த்தேன். நல்ல குளிர், கார் கண்ணாடியில் பனி. ஆனாலும் முதலில் அந்தத் தடிமனான ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவாள், ஏனென்றால் அதன் மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், உண்மையில் உள்ளே நிறைய இடைவெளி இருக்கும். பெல்ட்டை இழுத்த பிறகு பிள்ளையின் தோள் பக்கத்தில் அந்த வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பாள். மடிப்பு எடுக்க வந்தால் இன்னும் இழுக்க வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. அப்புறம் ஒரு போர்வையை மேலே போர்த்துவாள். அவசரமாகக் கிளம்பினாலும் அந்தக் கிள்ளிப் பார்ப்பது நிற்காது. நான் இப்போது செய்வதும் அதுவே. விக்கிரவாண்டியில் எல்லோரும் காபி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்க்க, வெயிலில் இருபது நிமிடம் அந்த சீட்டை மறுபடி மாட்டி, இரண்டு பக்கக் கொக்கியும் மாட்டுகிற 'டிக்' சத்தம் கேட்டு, அதிலிருக்கிற அடையாளம் சிவப்பு மாறிப் பச்சை வந்ததைப் பார்த்து, சீட்டைத் தாங்குகிற கால் காரின் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, கடைசியில் அவன் தோளில் கிள்ளிப் பார்த்தபோது பின்னால் ஒருவர் "ராக்கெட் விடுறா" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, கால். எல்லோருக்கும் அந்தக் கால்தான் கண்ணில் படுகிறது. கால் மடங்குது, வலிக்காதா, வளைந்துபோகாதா? உங்கள் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை டிவி பார்க்கும்போது எப்படி உட்காருகிறது என்று ஒருமுறை பாருங்கள். சம்மணம் போட்டு, தவளை மாதிரி, ஒரு காலைச் சுவரில் தூக்கி வைத்து. நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு ஒரு மணி நேரம் உட்காருகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவனுக்கு வலித்தால் சொல்வான், அவனுக்கு வாய் இருக்கிறது, என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. அப்படியே விபத்தில் கால் உடைந்தாலும் கட்டுப் போட்டால் சேரும். கழுத்து அப்படிச் சேராது.

வேடிக்கை பார்க்க முடியாதாம். பின்கண்ணாடி முழுக்க அவனுக்குத்தான். திண்டிவனத்திலிருந்து ஒரு லாரியின் முகத்தைப் பார்த்து "அதுக்கு மூக்கு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாந்தி வரும் என்கிறார்கள். வரும், ஏற்காடு மலையில் எடுத்தான், ஒத்துக்கொள்கிறேன். துடைத்தேன்.

பின்னாலிருந்து லாரி இடித்தால் என்ன செய்வாய் என்று கேட்ட கொழுந்தனாருக்கு: பின்னால் இடித்தால் பெரும்பாலும் நம் வண்டியும் அதே திசையில் தள்ளப்படும், அதனால் அடி கொஞ்சம் குறையும். நேருக்கு நேர் மோதும்போதுதான் பெரிய அடி. எதற்குத் தயாராவது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் பெரியதற்குத்தான் தயாராவேன். அப்புறம் அவரே ஒரு ஆங்கிலக் கட்டுரையை அனுப்பியிருந்தார், பின்னோக்கி உட்கார்ந்தால் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று 2007-ல் வந்த ஆய்வை 2018-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று. உண்மைதான், எனக்கும் தெரியும், அந்த ஐந்து மடங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதே 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் என்ன செய்தது என்று அவர் பார்க்கவில்லை. 2011-ல் இரண்டு வயது வரை என்று சொல்லியிருந்தவர்கள், அந்த இரண்டு வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கிற எடை, உயரம் வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்றார்கள். பாதிக் கட்டுரையை அனுப்பாதீர்கள்.

சட்டத்தில் இல்லையே என்றார் இன்னொருவர். மோட்டார் வாகனச் சட்டம் 194-பி, 2019 திருத்தத்தில் வந்தது. பதினான்கு வயதுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று அதில் இல்லை. நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை.

உண்மையில் சுட்டது ஒன்றுதான். "பைக்ல நாலு பேரு போறான், உனக்கு மட்டும் தங்கத்துல புள்ளையா" என்றது. இதற்கு உடனே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் அப்பாவும் எங்களை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துத்தான் கொண்டுபோனார். பைக்கில் நான்கு பேர் போகிற வீட்டில் வேறு வழியில்லை. அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இதைச் சொன்னவர் பைக்கில் வரவில்லை. புதுக் காரில் வந்தார். பண்ருட்டி தாண்டியதிலிருந்து நெய்வேலி வரைக்கும் அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சன்ரூஃபைத் திறந்து இடுப்பு வரைக்கும் வெளியே நின்றுகொண்டு வந்தார்கள், எங்கள் காருக்கு முன்னாலேயே. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் போன் செய்து சொல்லச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் படமும் குழுவில் இருக்கிறது. அதற்கு எல்லோரும் இதயம் போட்டிருக்கிறீர்கள். என் பிள்ளை ஜெயிலில் இருக்கிறான், அந்தப் பிள்ளைகள் ஜாலியாக இருக்கிறார்கள்.

அப்புறம் மடி. "நாங்க மடியில வச்சு வளர்க்கலையா?"

வளர்த்தீர்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். 1993, தொழுதூர் பக்கம், மாருதி 800, முன்சீட்டில் அம்மா மடியில் நான். ஒரு மாடு குறுக்கே வந்தது. அப்பா ஒன்றும் வேகமாகப் போகவில்லை, பிரேக் போட்டார், அவ்வளவுதான், எதன் மேலும் மோதக்கூட இல்லை. என் தாடை டாஷ்போர்டில் போய் இடித்தது. ஐந்து தையல். கல்யாணப் படத்தில் மேக்கப்பையும் மீறித் தெரிகிறதே, அந்தத் தழும்புதான். அம்மா விட்டுவிட்டாள் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது, ஏன் கவனமாகப் பிடிக்கவில்லை என்று. அம்மா விடவில்லை. என் இடுப்பில் இரண்டு பக்கமும் அவள் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்ததாம், குளிப்பாட்டும்போது பாட்டிதான் பார்த்துச் சொன்னாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தும் நிற்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் "புடிச்சுக்கிட்டுத்தான்டி இருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 14 கிலோ பிள்ளையை மடியில் நிறுத்திவைக்க ஏறக்குறைய 280 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். உங்களில் யாரால் முடியும்? பாசம் இருக்கிறது, எனக்குத் தெரியும், பெரிய மாமனாருக்கு என் பையன் மேல் இருக்கிற பாசத்தை நான் சந்தேகப்படவே இல்லை. 280 கிலோ இல்லை. அதிலும் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்கள், எதிரே ஏர்பேக் இருக்கிற வண்டியில். அது வெடித்து விரிகிற வேகத்துக்கு மடியில் இருக்கிற பிள்ளைதான் முதலில் கிடைக்கும்.

எனக்கு வலித்தது சீட்டைக் கழற்றியதுகூட இல்லை. என்னைக் கேட்காமல் கழற்றினார்களே, அது. திண்டிவனத்தில் ஏறிய பெரிய மாமனாருக்கு இடம் வேண்டும், பின்னால் வருகிற காரில் இரண்டு இடம் காலியாக இருந்தது, ஆனால் அவருக்கு இந்தக் காரில்தான் வர வேண்டும். சரி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த சீட்டை எப்படிக் கழற்றுவது என்று என்னைத் தவிர என் வீட்டுக்காரர் இவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் யார் கழற்றிக் கொடுத்தது? அதை நான் இங்கே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். கோத்தன்பர்க்கில் என்னோடு நின்று பார்த்தவர்தான், சீட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று ராத்திரி என்னோடு உட்கார்ந்தவர்தான். அவருடைய பெரியப்பா, அதான் பெரிய மாமனார், சொன்னதும் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டார். "இங்கேருந்து கும்பகோணம் எவ்வளவு தூரம், மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார் அப்புறம். தொழுதூரில் என் அப்பாவும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

பெரியவரை இறக்கி வேறு காரில் ஏற்றிவிட்டாள், திமிர், ரொம்பப் படித்தவள் என்று காதுகுத்துப் பந்தியில் பேசினார்களாம். இலையில் உட்கார்ந்திருந்த எனக்கே இரண்டு வரிசை தள்ளிக் கேட்டது. பெரியவரை மதிக்கவில்லை என்கிறவர்கள், பிள்ளையின் அம்மாவை மதித்தார்களா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் "அம்மாக்காரி பார்த்துக்க வேணாமா" என்று கேட்கப் போவதும் இதே பதினேழு பேர்தான். என் அம்மாவை அப்படித்தான் கேட்டார்கள்.

பெரிய மாமனாரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்தியதற்குக் கேட்கிறேன், அவர் வயதுக்கு அது தப்பு, நேரில் வந்து காலில் விழுந்தே கேட்கிறேன். சீட்டுக்குக் கேட்க மாட்டேன்.

அவனுக்கு 105 செ.மீ. வர இன்னும் ஒன்பது செ.மீ. இருக்கிறது. அதுவரை அந்த சீட் பின்னோக்கித்தான் இருக்கும், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதும், பொங்கலுக்கு வரும்போதும். எங்கள் காரில் இவரையும் பையனையும் தவிர மூன்று பேர்தான் வர முடியும். நான்காவதாக யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏசி பஸ்ஸில் ஜன்னலோர டிக்கெட் நானே போட்டுத் தருகிறேன்.