குடை அப்புறம், கூரையை முதலில் பாருங்கள்

நேற்று ராத்திரி எங்கள் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர், கிளப் கட்டப்போவதாக அறிவித்த புதுக் கால்பந்து மைதானத்தின் வீடியோவை மறுபடியும் போட்டு "கெத்து!" என்று எழுதியிருந்தார். மூன்று ராட்சதக் கம்பங்கள், அதிலிருந்து விரிகிற வெள்ளைக் குடை, கீழே சிவப்புச் சட்டை போட்டு நடந்து போகிற ஜனம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை இதையே காட்டுவார்கள்? பணம் யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அப்புறம் காட்டட்டுமே.

2025 மார்ச்சில் அந்த மூன்று நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி ஞாயிறு, ஆர்சனலோடு மேட்ச். ரசிகர்கள் கறுப்பு உடுத்தி நம் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கு ஊர்வலம் போனார்கள், கிளப் முதலாளிகளான கிளேசர் குடும்பம் வெளியேற வேண்டும் என்று கத்திக்கொண்டே. மறுநாள், கிளப்பில் பங்கு வாங்கி நடத்துகிற ஜிம் ராட்கிளிஃப் பேட்டி கொடுக்கிறார். செலவைக் குறைக்காமல் விட்டிருந்தால் வருடக் கடைசியில், கிறிஸ்துமஸ் வாக்கில், கிளப் கையில் காசே இருந்திருக்காது என்கிறார். சரி, நிலைமை அவ்வளவு மோசம் என்று நாமும் கவலைப்படுகிறோம். அதற்கு அடுத்த நாள், 11ஆம் தேதி, அதே மனிதர் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரோடு வந்து நிற்கிறார். ஒரு லட்சம் இருக்கை, இரண்டு பில்லியன் பவுண்டு செலவு!

திங்கட்கிழமை காசில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பில்லியன். நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான். அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நடுக் கம்பத்தின் உயரம் 200 மீட்டர், 40 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியுமாம். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய முற்றம். மைதானத்தை 160 துண்டுகளாக வேறிடத்தில் செய்து, மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து பொருத்துவார்களாம். பத்து வருட வேலை ஐந்து வருடத்தில் முடியுமாம். பக்கத்தில் 17,000 வீடுகள், 92,000 வேலைகள், நாட்டின் பொருளாதாரத்துக்கு வருடா வருடம் 7.3 பில்லியன். கம்பத்தின் உயரம் மீட்டர் கணக்கில் தெரிகிறது, துண்டுகளின் எண்ணிக்கை தெரிகிறது. கடன் எவ்வளவு, யார் பெயரில், யார் கட்டுவது? அந்த இடம் வந்தால் மட்டும் அத்தனை பேர் வாயும் மூடிக்கொள்கிறது. மைதானத்தின் பக்கத்தில் சரக்கு ரயில் முனையம் ஒன்று இருக்கிறதே, திட்டத்துக்கு வேண்டிய அந்த நிலமே அப்போது கிளப் கையில் இல்லை! நிலத்துக்காரர் கேட்ட விலைக்கும் இவர்கள் மனதில் இருந்த விலைக்கும் நடுவில் பல நூறு மில்லியன் இடைவெளி என்று பிறகு செய்தி வந்தது. நிலம் பேசி முடிக்காமல் படம் எதற்கு ஐயா?

காசில்லை என்ற பெயரில் இவர்கள் கை வைத்த இடங்களைப் பாருங்கள். 2024இல் சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 2025 பிப்ரவரியில் இன்னும் 200 பேர் வரை போகலாம் என்றார்கள். ஓல்டு டிராஃபோர்டில் ஊழியர்களின் உணவகத்தை மூடி, மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பழம் என்றார்கள். நாள் முழுக்க ஓடி ஓடி வேலை பார்க்கிறவர் தட்டில் கை வைத்து மிச்சம் பிடிக்கிற கிளப்பா நம்முடையது? அதே காலத்தில் பயிற்சியாளர் டென் ஹாகுக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி, அக்டோபரில் அனுப்பினார்கள். விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தைப் போராடிக் கூட்டிவந்து ஐந்தே மாதத்தில் அனுப்பினார்கள். இந்தக் கூத்துக்கு மட்டும் ஏறக்குறைய 14.5 மில்லியன் பவுண்டு போனது. அதில் எத்தனை வருடத்துக்கு அந்த ஊழியர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார்கள்!

டிக்கெட் கதையை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. 2024 நவம்பர் கடைசியில், சீசன் பாதியில், மிச்சமிருந்த மேட்ச்களுக்கு உறுப்பினர் டிக்கெட் எல்லாமே 66 பவுண்டு என்று ஆக்கினார்கள். சிறுவர்களுக்குச் சலுகை கிடையாது, வயதானவர்களுக்கும் கிடையாது. அதுவரை 25 பவுண்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன தகப்பன் அன்றிலிருந்து 66 கொடுக்க வேண்டியிருந்தது. வெளியூர் அணியின் ரசிகரிடமோ லீக் விதிப்படி 30 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. அதாவது லிவர்பூலிலிருந்து வருகிற ஆள் 30 பவுண்டுக்கு உள்ளே போகலாம், மைதானத்துக்குப் பக்கத்து சால்ஃபோர்டில் பிறந்த பத்து வயதுப் பிள்ளை 66 கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த சீசன் நிலைமை. இதை முடிவு செய்தவர்கள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா?

மைதானம் பழசாகிவிட்டது, புதுசு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 1910இல் திறந்தது. போரில் குண்டு விழுந்து பார்வையாளர் மாடம் தரைமட்டமானது. அந்தக் குண்டு விழுந்ததும் 1941இல் இதே மார்ச் 11 அன்றுதான். எதிரி அணியின் மைதானத்தில் போய் விளையாடிக்கொண்டே 1949 வரை காத்திருந்து திரும்பி வந்தார்கள். அப்படி மீண்ட இடத்தை இவர்கள் அழுக விட்டார்கள். 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே கட்டியது. அடுத்த வருடம் வடக்குப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் இருக்கைகள் வந்தன, அவ்வளவுதான். அதன்பிறகு வட்டிக்கும் பங்குதாரர்களுக்கும் போனதே தவிர மைதானத்துக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை.

2024 மே மாதம் ஆர்சனல் மேட்ச் நாளில் மழை பிடித்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கூரையின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டி, கீழே இருக்கைகள் மேல் விழுந்து சிதறியது. ஜனம் ஓரமாக ஒதுங்கி நின்றது. சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். எதிரணி ரசிகர்கள் மைதானம் இடிந்து விழுகிறது என்று பாடினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் கிளப்பின் ஜாம்பவான் பாபி சார்ல்டன் விளையாடிய இடம் அது. அந்த வருடக் கடைசியில் சுகாதாரச் சோதனையில் எலிப் புழுக்கை வேறு அகப்பட்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவேன் என்றானாம். இருபது வருடமாகக் கூரையையே பார்க்காத முதலாளிகளை, 200 மீட்டர் கம்பம் நடுகிறோம் என்றால் எப்படி நம்புவது?

மைதானக் கடன் என்ன செய்யும் என்று ஆர்சனல்காரரைக் கேளுங்கள். 2006இல் எமிரேட்ஸ் என்ற புது மைதானத்துக்குப் போனார்கள். அப்புறம் வருடக்கணக்கில் கையை இறுக்கிப் பிடித்து வாழ்ந்தார்கள். நட்சத்திர வீரர்கள் ஃபாப்ரிகாஸ் போனார், நஸ்ரி போனார், கடைசியில் வான் பெர்சியை நமக்கே விற்றார்கள். அவர் அடித்த 26 கோலில்தான் 2013இல் நாம் கடைசியாக லீக் ஜெயித்தோம். ஏற்கெனவே கடனில் மூழ்கிக் கிடக்கிற கிளப், அறிவிப்பு வந்த அதே சீசனில் 15ஆவது இடத்தில் முடித்த கிளப், பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியையும் தோற்று அடுத்த சீசன் ஐரோப்பியப் போட்டிகளுக்கே போக முடியாமல் நின்ற கிளப், இன்னொரு இரண்டு பில்லியனை எப்படித் தாங்கும்? மைனூ மாதிரி நம் கிளப்பிலேயே வளர்ந்த பிள்ளைகளை விற்றா?

புது மைதானம் கட்டுங்கள். சொந்தப் பணத்தில் கட்டுங்கள். அதில் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த விலையில் இடம் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். அதுவரை எனக்கு அந்த வீடியோவை யாரும் அனுப்ப வேண்டாம்.