லூமென் இரட்டித்தால் தூரம் இரட்டிக்காது

"வண்டியின் முகப்பு விளக்கில் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைச் செருகினால் லூமென் (பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு) இரண்டு மடங்கு, சாலையும் இரண்டு மடங்கு தூரம் தெரியும்" என்று சிலர் சொல்வது தவறு. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதனால் லூமென் இரட்டித்து, எல்லாமே கச்சிதமாக அமைந்தாலும் ஏறத்தாழ 1.4 மடங்கு தூரம்தான் கிடைக்கும்.

அதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எச்4 வகை ஹாலஜன் பல்பில் தாழ்கற்றை (லோ பீம்) இழைக்கு அடியில் சிறு உலோகத் தடுப்பு உண்டு. பல்புக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் ஒளி படாமல் அது மறைப்பதால்தான் எதிரே வருபவரின் கண் கூசுவதில்லை. பிரதிபலிப்பானின் வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி. சில்லுகள் ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டியிருப்பவை. இடம் சற்று விலகினாலும் கற்றை சிதறும். சிதறிய ஒளி வண்டிக்கு முன்னால் சில மீட்டரைப் பளபளக்க வைக்கும், கண்மணி சுருங்கும், தொலைவில் நிற்கும் மாடு தெரியாமல் போகும். ஓட்டுபவருக்கோ வெளிச்சம் அபாரம் என்ற திருப்தி!

மாட்டியே தீர வேண்டுமென்றால், சமதளத்தில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தித் தாழ்கற்றையைப் போட்டுப் பாருங்கள். மேல் விளிம்பு கோடு போட்டதுபோல் வெட்டி நிற்க வேண்டும். மங்கலாக மேலே பரவினால் பழைய பல்பையே திரும்ப மாட்டுங்கள். முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்திருந்தால் முதலில் அதை மெருகேற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் கொடுங்கள். பல பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.