அறுபது என்று எழுதிய கை எது?

14.6.

நேற்று மதியம் 3.45-லிருந்து கிட்டத்தட்ட ஆறு மணி வரை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த எண் இது. நெடுஞ்சாலையோரம் மின்சாரக் காருக்கு கரண்ட் ஏற்றும் சார்ஜர் டப்பாவின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 60 கிலோவாட், பக்கத்தில் மின்னல் படம், அதற்குக் கீழே ‘அதிவேக சார்ஜிங்’. திரையில் 14.6. கிலோவாட் என்றால் மணிக்கு எத்தனை யூனிட் ஏறும் என்ற கணக்கு. என் வீட்டு போர்டிகோ சுவரில் தொங்குகிற சாதா சார்ஜரே 7.2 தருகிறது. அதில் இரண்டை வாங்கி ஒன்றாகக் கட்டினால் நெடுஞ்சாலையின் அதிவேகம் வந்துவிடும்.

அந்த 60-க்குக் கீழே குனிந்து பார்த்தால் எறும்பு சைஸில் ‘வரை’ என்று இருந்தது. அறுபது கிலோவாட் வரை. தி.நகரில் ‘ஆடித் தள்ளுபடி 50% வரை’ என்று எழுதுவார்களே, அதே வரை. உள்ளே போனால் ஐம்பது சதவீதம் தள்ளுபடி இருப்பது ஒரே ஒரு புடவைக்கு, அதுவும் யாரும் கட்டாத நிறத்தில். பெட்ரோல் பங்கில் ‘லிட்டர் ஆயிரம் மில்லி வரை’ என்று எழுதி வைத்துப் பார்க்கட்டும், ஊர் சும்மா விடுமா? கரண்ட் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எதையும் எழுதலாம் என்றாகிவிட்டது.

மனைவியின் சித்தி மகளுக்குத் திருச்சியில் ரிசப்ஷன். தாம்பரத்திலிருந்து 11.30-க்குக் கிளம்பினோம். நான், மனைவி, மாமியார், பையன். அக்னி நட்சத்திர வெயில். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி மூன்று டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் கண்ணிமைக்கும் நேரத்தில் பணத்தை உருவிக்கொண்டது. அந்தச் சாலையில் விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான். உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது பேட்டரி 12 சதவீதம். பயமில்லை, சார்ஜர் இருக்கிறதே. பேட்டரி 40 யூனிட், 80 வரை ஏற்ற 27 யூனிட் வேண்டும், நாற்பது நிமிடத்தில் வேலை முடியும், அதற்குள் மாமியார் ஒரு காபி குடித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பொறியியல் படித்தவன் போடும் கணக்கு.

பெட்ரோல் போட வருகிறவனுக்குக் கூரை உண்டு, காற்று உண்டு, கண்ணாடி துடைக்க ஆள் உண்டு. நான்கு நிமிடம் நிற்கப்போகிறவனுக்கு இத்தனை உபசாரம். மணிக்கணக்கில் நிற்கப்போகிறவனுக்கு அதே பெட்ரோல் பங்குக்குப் பின்னால், கழிவறைக்கும் டயர் குவியலுக்கும் நடுவில், உச்சி வெயிலில் இடம். சுற்றிலும் ஒரு வேப்பங்கன்றுகூட இல்லை.

அப்புறம் ஆப். என் போனில் ஏற்கெனவே ஆறு சார்ஜிங் ஆப் இருக்கிறது, இது ஏழாவது. ஓடிபி வந்தது, காலாவதியானது, மறுபடி வந்தது. வாலெட்டில் ஐந்நூறின் மடங்கில்தான் பணம் போட முடியும், எனவே ஆயிரம். க்யூஆர் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து, பழைய ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருந்தது. துப்பட்டாவால் நிழல் பிடித்து ஸ்கேன் செய்தோம். மலைப்பாம்பு கனத்தில் இருக்கும் கேபிளைத் தூக்கி, அதன் நுனிப் பிளக்கை, ‘கன்’ என்பார்கள், காரில் செருகினேன். ‘இணைக்கப்படுகிறது.’ காரும் டப்பாவும் பேசிக்கொள்ளும், முதலில் கேபிளில் கசிவு உண்டா என்று சோதிக்கும், வோல்டேஜைச் சமன் செய்யும், பிறகுதான் கரண்ட்டைத் திறக்கும். பாதுகாப்பு, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அரை மணி நேரம் பேசிவிட்டு ‘தோல்வி’ என்றால் என்ன அர்த்தம்? கழற்று, செருகு, தோல்வி. கழற்று, செருகு. மூன்றாவது முறை டப்பாவுக்குள் மின்விசிறிகள் மாவு மில் மாதிரி அலறத் தொடங்கின. பையன் கைதட்டினான்.

14.6.

ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும் என்று வீட்டாருக்கு விளக்கினேன். பத்து நிமிடம் கழித்தும் 14.6. ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு அழைத்தேன். எல்லாப் பாட்டையும் கேட்ட பிறகு ஒரு தம்பி எடுத்தார்.

“சார், சார்ஜர் ஆன்லைன்ல நல்லாத்தான் சார் காட்டுது.”

“14.6 தான் தம்பி வருது.”

“சார்ஜ் ஏறுதுல்ல சார்?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஏறுகிறது. செடிகூடத்தான் வளர்கிறது.

விடாமல் குடைந்ததில் உண்மை வெங்காயம் மாதிரி உரிந்தது. டப்பாவின் 60 என்பது உயர்ந்த வோல்டேஜில் கிடைக்கும் கணக்கு. என் பேட்டரி சுமார் 330 வோல்ட். அந்தக் கன் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 150 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 49.5. ஆக, எல்லாம் ஒழுங்காக இருந்து குளுகுளுவென்று ஊட்டியில் நிறுத்தினாலும் என் கார் அதில் 60-ஐக் கண்ணால் பார்க்காது. அடுத்த தோல்: டப்பாவில் இரண்டு கன். இரண்டிலும் கார் நின்றால் ஆளுக்கு 30. மூன்றாவது தோலைத் தம்பி ரொம்பத் தயங்கித்தான் உரித்தார். உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டிகள், மாட்யூல் என்று பேர், பதினைந்து கிலோவாட் வீதம் நான்கு, கன்னுக்கு இரண்டு. “உங்க சைடுல ஒண்ணு போன வாரமே போயிடுச்சு சார். டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கு.” அதாவது புகார் பதிந்தாயிற்று. 60, 49.5, 30, 15. வெயிலுக்குக் கொஞ்சம் பிடித்தம் போக 14.6. போன வாரமே தெரியுமாம். ஆப்பில் மட்டும் பச்சை நிறத்தில் ‘60 கிலோவாட், தயார்’. டிக்கெட் ரெய்ஸ் பண்ணத் தெரிந்த கைக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தில் ‘பாதிதான் வரும்’ என்று எழுதி ஒட்டத் தெரியாதா?

சரி, பக்கத்துக் கன்னில் இருந்தவர் எடுத்துவிட்டால் அவர் பங்கும் எனக்கு வருமே என்று எட்டிப் பார்த்தேன். கோயம்புத்தூர் போகிறவர். அவருடைய பேட்டரி 93 சதவீதம். சீட்டைச் சாய்த்து, வாய் திறந்து தூங்குகிறார். தெருக்குழாயில் குடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், கழுத்து வரை சளசளவென்று பிடிக்கலாம், கழுத்துக்கு வந்தால் குழாயைச் சுருக்க வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். 80 தாண்டினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவர் கார் இழுத்துக்கொண்டிருந்தது வெறும் 6. ஆனால் அவருக்கு ஒதுக்கிய இரண்டு மாட்யூலும் அவருக்கே சொந்தம், மீதியைக் கேட்க எனக்கு வழியில்லை. மெல்லக் கண்ணாடியைத் தட்டினேன். “நூறு ஆயிடட்டுங்க சார். காசு கட்டியாச்சுல்லங்க” என்றார், கொங்கு மரியாதை குறையாமல். மரியாதையாகப் பேசுகிறவரிடம் சண்டையும் போட முடியவில்லை.

இதற்கிடையில் ஏசி. நிறுத்தி வைத்த காரில் ஏசி ஓடினால் ஒன்றரை, இரண்டு கிலோவாட்டை அது குடிக்கும். வருகிற 14.6-ல் அதற்கும் பங்கு. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? “அத்தை, ஏசியைக் கொஞ்சம் அணைச்சுக்கலாமா, கார் சீக்கிரம் ஏறும்.” “அதுக்கென்ன மாப்ள, அணைங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே ஒரு கேள்வி: “நம்ம பழைய கார் நல்லாத்தானே ஓடுச்சு மாப்ள?” மறுபடி ஏசியைப் போட்டேன். இரண்டு கிலோவாட்டை விட மானம் பெரிது.

சகலை எங்களோடு அதே நேரத்தில் கிளம்பியவர். பத்து வருட டீசல் வண்டி. இருபது நிமிடத்துக்கு ஒரு போன். “சகலை, எங்க இருக்கீங்க?” உளுந்தூர்பேட்டை. “பெரம்பலூர் தாண்டிட்டோம். நீங்க?” உளுந்தூர்பேட்டை. “சமயபுரம் டோல்கேட்டுங்க.” கடைசி அழைப்பை எடுக்கவில்லை. உடனே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. சீனாவில் பிஒய்டி கார் கம்பெனிக்காரர்கள் 2025 மார்ச்சில் அறிவித்தார்களே, ஆயிரம் கிலோவாட், 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டர், அது. கீழே ஒரு சிரிப்பு பொம்மை. அதற்கு முன் வந்த உளுந்தூர்பேட்டைகளுக்கெல்லாம் சேர்த்து வட்டி.

46 சதவீதத்தில் எல்லாம் நின்றது. மாவு மில் சத்தம் அடங்கியது. லோ வோல்டேஜாம். மறுபடி கழற்று, செருகு, கசிவுச் சோதனை. கோயம்புத்தூர்க்காரரும் இறங்கி வந்தார். அவருக்கு 99-ல் நின்றுபோயிருந்தது. அந்த ஒரு சதவீதத்துக்காக மறுபடி போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு: விடிகாலையில் போ, அறுபது சதவீதம் போதும், இன்னொரு சார்ஜரைத் தேடு, எல்லாம் தெரியும். அடுத்த சார்ஜரிலும் அந்த மின்னல் படம் இருக்குமே, மின்னலுக்குப் பின்னால் எத்தனை மாட்யூல் உயிரோடு இருக்கிறது என்று யார் சொல்வார்? ஊருக்குள் ஓட்ட இந்தக் காரைப் போல இன்னொன்று கிடையாது, விற்கவும் மாட்டேன். நேற்று இதே டப்பா எந்தக் கன்னில் எவ்வளவு கொடுத்தது என்ற ஒரே ஒரு எண்ணை ஆப்பில் போடுங்கள். ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணி, 21 ரூபாய் வீதம் காசாக்கி, அதன் தலையில் 18% ஜிஎஸ்டியையும் சரியாக ஏற்றுகிற மிஷினுக்கு இது தெரியாமலா இருக்கும்?

கட்டியது 669 ரூபாய். மிச்சம் 331 வாலெட்டில். திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பணத்தைச் செலவழிக்கவே நான் மறுபடி அதே டப்பாவுக்குப் போக வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையும்போது ஒன்பது மணி. மேடையில் மாப்பிள்ளைக்கே தூக்கம் வந்துவிட்டது. வாசலில் சகலை, சாப்பிட்டு முடித்து, பீடாவோடு. “சார்ஜ் ஆயிடுச்சா?” என்றார். எங்கிருந்துதான் வந்ததோ, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவரும் சிரித்தார், மாமியார் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். கடைசிப் பந்தி. வடை இல்லை. ரசம் இருந்தது. ஐஸ்கிரீம் ஒரு கப் கொடுத்தார்கள், கல்லு மாதிரி. அதோடு ஒரு சப்பட்டை மரக்குச்சி. குழியே இல்லாத, ஐஸ்கிரீமில் குத்தினால் ஐஸ்கிரீமுக்கு எதுவும் ஆகாமல் தான் மட்டும் உடைகிற அந்தக் குச்சிக்கு ஸ்பூன் என்று பேர் வைத்தவர் யார்? அவர்தான் டப்பாவிலும் 60 என்று எழுதியிருப்பாரோ?