சாலரி உப்பிலிருந்து வந்தது சரி, சோல்ஜர் அப்படி இல்லை

ஒருவர், ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள், சாலரி, சோல்ஜர் இரண்டுமே அதிலிருந்துதான் வந்தன என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. சம்பளத்தைக் குறிக்கும் 'சலாரியும்' (salarium) என்ற லத்தீன் சொல் அதிலிருந்து பிறந்ததுதான், ஆங்கில சாலரி அதன் வழி வந்தது. பிரெஞ்சு 'சலேர்', இத்தாலியம், ஸ்பானியத்தின் 'சலாரியோ' எல்லாமும் அதன் வாரிசுகள். ஆனால் உப்பை மூட்டையாகக் கூலி கொடுத்ததாகப் பழைய ரோமானிய ஆசிரியர் யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி உப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லையும் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். மீதியெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியது. படைவீரனின் ஊதியத்துக்கு லத்தீனில் வேறு பெயர்: 'ஸ்டிபெண்டியும்' (stipendium). முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சாதாரண வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ். வெள்ளிக் காசு ஐயா, உப்பு இல்லை!

சோல்ஜருக்கும் உப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தச் சொல்லின் வேர் 'சோலிடஸ்' என்ற தங்க நாணயம், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அடித்து வெளியிட்டது. அந்தக் காசின் பெயரிலிருந்து கூலிக்கான சொல் வந்தது, கூலி வாங்கிப் போரிடுபவன் சோல்ஜர் ஆனான். சோலிடஸுக்குக் 'கெட்டியானது' என்று பொருள், ஆங்கில சாலிட் கூட அதே வேர்தான். இன்றும் இத்தாலியில் பணத்தை 'சோல்டி' என்கிறார்கள். ஜெர்மனில் 'சோல்ட்' என்றால் படைவீரனின் சம்பளம், 'சோல்ட்னர்' என்றால் கூலிப்படையாள்.