சீட்டால் சொல்வது கள்ளமில்லை

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் தடுத்தாடுபவர்கள் (ஏலம் எடுத்தவரை எதிர்த்து ஆடும் சோடி) தம் சோடிக்குப் போடும் சீட்டால் குறிப்புக் காட்டுவது கள்ள ஆட்டம் என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை தம்பி. சோடி ஸ்கோப்பன் (ஸ்பேட்) ஆசு இறக்கும்போது நான் அதே இனத்தில் 9 போட்டால் ‘தொடருங்கள்’, 2 போட்டால் ‘வேண்டாம்’. இது பரவலான வழக்கம், விதிக்கு உட்பட்டது. எதிரணி கேட்டால் அந்த உடன்பாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமல், கண்ஜாடை, வேண்டுமென்றே தாமதிப்பது, இவைதான் குற்றம். எங்கள் வன்னியில் 304 என்ற சீட்டாட்டம் ஆடும்போது ஜாடை காட்டினால் சண்டை வருமே, அந்த நினைவில் தம்பி குழம்பியிருக்கலாம். உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் 2017 விதிநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 40ஆம், 73ஆம் விதிகளை வாசித்துப் பாருங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைகள் இது கள்ள ஆட்டம் என்று நம்பி ஒதுங்கிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.