பதின்மூன்று வயதுப் பையன் கையில் 18 போட்ட டிஸ்க்கை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

கேம் டிஸ்க் பெட்டியின் முன்பக்கம், கீழே இடது ஓரம். சிவப்புக் கட்டத்துக்குள் 18 என்று இருக்கிறது. அது பெகி (PEGI) எனும் ஐரோப்பிய வயது முத்திரை, 18 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று பொருள். பார்கோடு தேடிப் பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் கறுப்புக் கட்டங்களில் படங்கள்: முஷ்டி போட்டிருந்தால் வன்முறை, ஊசி போட்டிருந்தால் போதைப்பொருள். அதாவது பில் போடுகிறவர் இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் அந்த டிஸ்க் கடையை விட்டு வெளியே போகவே முடியாது. பார்த்துவிட்டுத்தான் சீருடையோடு நிற்கிற பையனிடம் கொடுக்கிறார்கள். சென்னையிலும் இதுதான், கோவையிலும் இதுதான்.

கேட்டால் முதல் பதில், "இந்தியாவில் அதுக்குச் சட்டமே இல்லையே சார்." சட்டம் இல்லை என்பது உண்மை. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது, வீடியோ கேமுக்கு அப்படி ஒன்று கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 295-ஆம் பிரிவு சிறுவருக்கு ஆபாசப் பொருள் விற்பதைத் தண்டிக்கிறது. ரத்தமும் சித்திரவதையும் அந்த ஆபாசம் என்ற சொல்லுக்குள் வராது. சரி, சட்டம் இல்லை. அதனால் என்ன? அமெரிக்காவிலும் இதற்குச் சட்டம் இல்லை. கலிஃபோர்னியா 2005-ல் ஒன்று கொண்டுவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருந்தது. 2000-ல் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான, எம் என்ற அமெரிக்க முத்திரை போட்ட கேமை 85 சதவீதம் பிள்ளைகளால் வாங்க முடிந்தது. 2012 சோதனையில் அது 13 சதவீதம். ஒரு கடைக்காரரைக்கூட ஜெயிலில் போடவில்லை. சோதனை முடிவுகளை வெளியில் சொன்னார்கள். பார்கோடை ஸ்கேன் செய்ததும் வயதைக் கேட்கச் சொல்லும்படி பெரிய கடைகள் பில்லிங் இயந்திரத்தை அமைத்தன. அவ்வளவுதான். பிரிட்டனில் 2012 ஜூலை முதல் இது சட்டமாகவே இருக்கிறது, சிறைத் தண்டனை வரை உண்டு. ஆனால் சட்டம் வந்தால்தான் செய்வேன் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதை அமெரிக்கக் கடைகள் காட்டிவிட்டன.

இரண்டாவது பதில் இன்னும் எரிச்சலூட்டும்: "அப்பாதானே கூட வந்து காசு கொடுத்தார்." அந்த அப்பாவுக்கு அந்த எண் என்னவென்று தெரியுமா? பல பெற்றோர் அதை விளையாட்டு எவ்வளவு கஷ்டம் என்பதற்கான எண் என்று நினைக்கிறார்கள். "என் பையன் கெட்டிக்காரன், ஆடிடுவான்" என்று பெருமையோடு வாங்கிப் போகிறார்கள். பெகி முத்திரைக்கும் கடினத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. 18 என்றால் கொடூர வன்முறை, காரணமே இல்லாத கொலை, எதிர்க்க முடியாதவர்கள் மீதான தாக்குதல், போதையைக் கவர்ச்சியாகக் காட்டுவது, வெளிப்படையான பாலுறவு ஆகியவற்றில் ஏதோ ஒன்றாவது பெரும்பாலும் இருக்கிறது. ஜிடிஏ 5 என்ற 18 முத்திரை கேமில் கட்டிப் போடப்பட்ட ஒருவனை இடுக்கியாலும் மின்சாரத்தாலும் வதைக்கும் கட்டம் வருகிறது. அதைப் பிள்ளை சும்மா பார்ப்பதில்லை, கன்ட்ரோலரைப் பிடித்துத் தானே செய்கிறான். கார் ஓட்டும் கேம் என்று நினைத்து ஆயிரக்கணக்கில் கொடுக்கிற அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடியவர் அந்த நிமிடத்தில் கடைக்காரர் ஒருவர்தான். "சார், இது 18 வயசுக்கு மேல ஆடுறது. வெட்டு, சித்திரவதை எல்லாம் வரும். பையனுக்கு வேற காட்டட்டுமா?" பத்து விநாடி ஆகாது. அதன்பிறகும் அவர் வாங்கினால் தெரிந்து வாங்குகிறார், அது அவர் பொறுப்பு.

இதே தெருவில் பெட்டிக்கடைக்காரர் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற பலகையை மாட்டியிருக்கிறார். ஏ சான்றிதழ் படத்துக்குக் குழந்தையோடு வருகிறவர்களைத் தியேட்டர் வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள். கேம் கடையில் மட்டும் கேட்க நாக்கு எழாதா?

செய்வதும் கடினமில்லை. பில்லிங் மென்பொருளில் பொருளின் பெயருக்கு முன்னால் "18+" என்று சேர்த்துவிடுங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்து நிற்கும். அந்த டிஸ்க்குகளை எல்லாம் கவுன்டருக்குப் பின்னால், கேட்டு வாங்கும் ரேக்கில் வையுங்கள். ஆள் 25-க்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேளுங்கள். பிறந்த தேதியைப் பார்த்தால் போதும், நகல் எடுக்காதீர்கள். பழைய டிஸ்க் மாற்றும் கடைகளில் பெட்டியை எறிந்துவிட்டு டிஸ்க்கை உறையில் போட்டு விற்கிறார்கள், முத்திரையும் பெட்டியோடு போய்விடுகிறது. உறையின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவு? ஹார்டு டிஸ்க்கில் ஐம்பது கேம் ஏற்றி மாற்றியமைத்த கன்சோலை, அதாவது கேம் ஆடும் இயந்திரத்தை, விற்கிறவர்களிடம் ஸ்டிக்கர் ஒட்டக்கூட இடமில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்தால் கால்பந்துக்குப் பக்கத்திலேயே தலை வெட்டும் கேம் இருக்கும்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கேமிங் சென்டர்கள் இன்னும் மோசம். பள்ளி விட்டதும் வரிசை நிற்கிறது, எல்லா மெஷினிலும் உரிமையாளரின் ஒரே அக்கவுண்ட். இரண்டு யூசர் திறந்து, பெரியவர் யூசருக்கு நான்கு இலக்கப் பாஸ்கோடு போட்டு, சிறுவர் யூசருக்கு வயது வரம்பு வைத்தால் முடிந்தது. ஒரு மாலை வேலைகூட இல்லை.

எல்லாவற்றிலும் என்னைக் கொதிக்க வைப்பது புது கன்சோல் விற்கும்போது நடப்பதுதான். "அக்கவுண்ட் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று சொல்லி, பிறந்த ஆண்டுக்கு 1990 என்று ஏதோ ஒன்றை அடித்துவிடுகிறார்கள். அதோடு அந்தக் கணக்கு பெரியவர் கணக்கு. பிற்பாடு பெற்றோர் கட்டுப்பாடு வைக்கப் போனால் கன்சோல் இடம் கொடுக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று விற்கும் செகண்டரி அக்கவுண்டும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கணக்கில் நுழைந்துதான் பிள்ளை ஆடுகிறான், வீட்டில் வைத்த எந்த வரம்பும் அங்கே செல்லாது.

கடைக்காரர் சொல்ல மாட்டார் என்றால் பெற்றோரே செய்யுங்கள். பிளேஸ்டேஷன் 5-ல் முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு. பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியோடு, உங்கள் ஃபேமிலியின் கீழ் தனிக் கணக்கு. செட்டிங்ஸில் ஃபேமிலி அண்ட் பேரன்டல் கன்ட்ரோல்ஸ் போய், அவன் கணக்கில் கேமுக்கான வயது வரம்பை வையுங்கள். டிஸ்க் போட்டாலும் அந்த வரம்பைத் தாண்டிய கேம் திறக்காது. இதோடு நிறுத்திவிட்டால் பையன் இன்னொரு யூசரை உருவாக்கிக்கொண்டு ஆடுவான். ஆகவே அதே பகுதியில் கன்சோல் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் போய், புது யூசர் உருவாக்குவதையும் விருந்தினர் நுழைவதையும் தடுத்துவிடுங்கள். உங்கள் கணக்குக்கும் லாகின் பாஸ்கோடு போடுங்கள். கடைசியாக, இந்தத் தடைகளைத் திறக்கும் கன்சோலின் பாஸ்கோடு கடையில் வாங்கும்போது 0000 என்றுதான் இருக்கும். அதை மாற்றவில்லை என்றால் வைத்த பூட்டின் மேலேயே சாவி தொங்குகிறது, வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான்.